தூக்காதீர்கள்... படுக்க வையுங்கள்!

கல்யாண மண்டபம், ரேஷன் கடை வரிசை, டவுன் பஸ், பள்ளிக்கூடத்துக் காலை பிரேயர், கோயில் தேரோட்டம்... எங்கே ஒருவர் மயங்கி விழுந்தாலும் அடுத்த அரை நிமிடத்தில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு பேர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள். ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போடுவார். துவண்டு தொங்கும் தலையை இன்னொருவர் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பார். "சோடா வாங்கிட்டு வாங்கப்பா" என்று ஒரு குரல் கேட்கும். "மூஞ்சில தண்ணி தெளிங்க" என்று இன்னொரு குரல். வந்து நிற்பவர்கள் அத்தனை பேரும் நல்ல மனசுக்காரர்கள்தான். ஒரு மனுஷரைத் தரையில் கிடக்க விடக்கூடாது என்ற பதைப்பில்தான் இதையெல்லாம் செய்கிறார்கள். ஆனால், விழுந்தவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது அந்தத் தரைதான். தூக்கி உட்கார வைப்பது, தானாகத் தெளிய வேண்டிய மயக்கத்தை இழுத்துப் பிடித்து ஆபத்தாக்கிவிடும்.

மயக்கம் அபூர்வமான விஷயமே இல்லை. மூன்று பேரில் ஒருவராவது வாழ்நாளில் ஒருமுறை மயங்கி விழுந்திருப்பார் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. இத்தனை சகஜமான ஒன்றுக்கு என்ன செய்வது என்பது படித்தவர்களுக்கும் தெரியவில்லை. சினிமாவில் பார்த்ததையும் பாட்டி சொன்னதையும் கலந்து கைக்கு வந்ததைச் செய்துகொண்டிருக்கிறோம்.

உடம்பு ஏன் விழுகிறது?

நாம் எழுந்து நின்றாலே அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. அதைத் திரும்ப மேலே அனுப்ப, கால் தசைகள் இறுகுகின்றன; ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது. நமக்குத் தெரியாமலே நாள் முழுவதும் நடக்கிற வேலை இது. மூளையின் எடை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால், இதயம் இறைக்கிற ரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அதற்குப் போகிறது. அந்த ஓட்டம் 6 முதல் 10 விநாடி தடைபட்டாலே நினைவு தப்பிவிடும்.

வெயிலில் நெடுநேரம் நிற்கும்போது, வெறும் வயிற்றோடு புழுக்கத்தில் நெரிபடும்போது, ஊசியையோ ரத்தத்தையோ பார்க்கும்போது, திடீரென்று துக்கச் செய்தி கேட்கும்போது சிலருக்கு இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடுகிறது. வேகமாகத் துடிக்க வேண்டிய இதயம் மெதுவாகிறது. சுருங்க வேண்டிய குழாய்கள் விரிந்துவிடுகின்றன. ரத்த அழுத்தம் சரிகிறது. 'வேசோவேகல்' மயக்கம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இந்தப் பெயரை வைத்த பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ், 1932-லேயே ஒன்றைக் கவனித்து எழுதினார்: மருந்து கொடுத்து இதயத் துடிப்பை வேகப்படுத்திய பிறகும் அழுத்தம் ஏறவில்லை. துடிப்பு குறைந்தது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், விரிந்த குழாய்களில் ரத்தம் தேங்கிக் கிடப்பது. தேங்கியதை மேலே கொண்டுவரச் சுலபமான வழி, தலையையும் இதயத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. கீழே விழுந்ததுமே உடம்பு அதைத்தான் செய்துகொள்கிறது. சாதாரண மயக்கம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடுவதும் அதனால்தான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பரிசோதனை உண்டு. பெரிய மருத்துவமனைகளில் 'டில்ட் டேபிள்' என்று ஒரு மேசை இருக்கும். அடிக்கடி மயங்கி விழுகிறவரை அதில் படுக்கவைத்து, பட்டையால் கட்டி, மேசையை 60 அல்லது 70 டிகிரிக்கு நிமிர்த்தி, நாடியையும் அழுத்தத்தையும் பார்த்தபடி காத்திருப்பார்கள். மயக்கம் வருகிற உடம்பாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் முகம் வெளுக்கும், வேர்க்கும், தலை சாயும். உடனே மருத்துவர் செய்யும் முதல் காரியம், மேசையைத் தட்டையாகச் சாய்ப்பது. பெரும்பாலானவர்கள் அதிலேயே கண் திறந்துவிடுகிறார்கள். அத்தனை கருவிகளுக்கு நடுவே இருக்கிற மருத்துவரே முதலில் நம்புவது படுக்கையைத்தான்.

பஸ்ஸில் நடந்தது

தூக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சித்திரை மாதம், உச்சி வெயில். மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், இரண்டு தடவை கொட்டாவி விட்டார். துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. பக்கத்திலிருந்த அம்மாவிடம், "அக்கா, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றார். அந்த அம்மா திரும்புவதற்குள் கை கம்பியை விட்டுவிட்டது.

நெரிசலில் அவர் கீழே விழக்கூட இடமில்லை. நாலு பேர் பிடித்துத் தூக்கி, ஒரு சீட்டைக் காலி செய்து, உட்கார வைத்தார்கள். தலை ஒரு பக்கம் சரிந்தது. நிமிர்த்திப் பிடித்தார்கள். கண்கள் மேலே செருகின. பத்து விநாடிக்குப் பிறகு இரண்டு கைகளும் வெட்டி வெட்டி இழுத்தன. "ஐயோ, வலிப்பு! சாவி குடுங்க, சாவி குடுங்க" என்று ஒருவர் கத்த, யாரோ கொத்துச் சாவியை எடுத்து அந்தப் பெண்ணின் கைக்குள் திணித்து, விரல்களை இறுக்கிப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொள்ளக் கூடாதென்று இன்னொருவர் வாயைத் திறக்கப் பார்த்தார்.

பின் சீட்டிலிருந்து ஓர் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நான் நர்ஸ். கீழ படுக்க வைங்க. தலையத் தூக்காதீங்க" என்றார். "கீழ அழுக்கா இருக்கேம்மா" என்றார் ஒருவர். "இருக்கட்டும்ணே, படுக்க வைங்க." நடுவில் நின்றவர்கள் நகர்ந்தார்கள். அந்தப் பெண்ணைத் தரையில் நீட்டிப் படுக்கவைத்து, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார் நர்ஸ். தன் பையையும் பக்கத்திலிருந்த ஒரு மூட்டையையும் இரண்டு கால்களுக்கு அடியில் வைத்தார். கழுத்தில் இறுகியிருந்த துப்பட்டாவைத் தளர்த்தினார். அந்த இழுப்பு அதற்குள் நின்றுபோயிருந்தது. கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது. "எந்த ஸ்டாப் இது?" என்பதுதான் அந்தப் பெண்ணின் முதல் கேள்வி. காலையில் சாப்பிட்டாயா என்று நர்ஸ் கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினார்.

அவருக்கு வந்தது வலிப்பு நோய் இல்லை. மூளைக்கு ரத்தம் போகாமல் இருக்கிற நேரம் நீண்டால் கைகால் சில விநாடி வெட்டி இழுப்பது உண்டு. நிமிர்த்திப் பிடித்திருந்ததால் ரத்தம் மேலே ஏறவே இல்லை. அதனால்தான் அந்த இழுப்பு. எழுந்ததும் எந்த ஸ்டாப் என்று தெளிவாகக் கேட்டதே அது வலிப்பு நோய் இல்லை என்பதற்கு அடையாளம். நிஜமான வலிப்பென்றால் பெரும்பாலும் ஓரிரு நிமிடம் நீடிக்கும். நின்ற பிறகும் நெடுநேரம் குழப்பம் இருக்கும். நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கலாம். இப்படிச் சில விநாடி இழுத்ததற்காக வலிப்பு நோயாளி என்று முத்திரை குத்தப்பட்டு, வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் உண்டு. பெண்ணாக இருந்தால் கல்யாணப் பேச்சு வரைக்கும் அந்த முத்திரை தொடரும். தவறான முதலுதவி இவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டுவிடும்.

முதல் பத்து விநாடி

ஒருவர் விழுந்ததும் கிட்டே போய் உட்காருங்கள். தோளைத் தட்டி, உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். சீராக ஏறி இறங்குகிறதா? இதற்குப் பத்து விநாடிக்கு மேல் செலவழிக்க வேண்டாம். நாடியைத் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். பதற்றத்தில் நம் விரலின் துடிப்பே அவருடைய நாடி மாதிரித் தெரியும். எல்லா முடிவும் மூச்சை வைத்துத்தான்.

மூச்சு சீராக இருந்தால், மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலைக்குத் தலையணை வேண்டாம். தலையணை வைத்தால் தலை உயரும், கழுத்து மடங்கி மூச்சுப்பாதை குறுகும். கால்களை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி, பையோ மடித்த போர்வையோ கவிழ்த்த ஸ்டூலோ கொடுத்து வையுங்கள். இடுப்பு, கால், முதுகெலும்பில் அடிபட்டிருக்கும் என்று தோன்றினால் மட்டும் கால்களைத் தூக்காதீர்கள். சட்டைக் கழுத்துப் பட்டன், பெல்ட், இறுகக் கட்டிய பாவாடை நாடா ஆகியவற்றைத் தளர்த்துங்கள். கூட்டத்தை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பெண்ணாக இருந்தால் சுற்றி நான்கு பெண்கள் மறைத்து நின்றால் போதும்.

வாந்தி வந்தாலோ, மூச்சு இருந்தும் நினைவு திரும்பத் தாமதமானாலோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும்; ஒருக்களித்தால் வெளியே வழிந்துவிடும். ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை மல்லாக்கப் போடவே கூடாது. வளர்ந்த கருப்பை, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளத்தை முதுகெலும்போடு அழுத்திவிடும். அவர்களை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும்.

ஒரு நிமிடத்தில் தெளியவில்லையென்றால் 108-க்கு போன் போடுங்கள். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிற ஆம்புலன்ஸ் சேவை, இலவசம். அருகிலுள்ள கோயில், கடை, பஸ் நிறுத்தம் என்று அடையாளம் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.

சோடாவும் சாவியும்

தமிழ்நாட்டில் மயக்கத்துக்கு முதல் வைத்தியம் சோடாதான். அந்தக் குரலில் இருக்கிற அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால், நினைவில்லாதவரின் வாயில் எதை ஊற்றினாலும் அது வயிற்றுக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விழுங்கும் அனிச்சையும் இருமும் அனிச்சையும் மயக்கத்தில் அடங்கியிருக்கும். ஊற்றிய சோடா நுரையீரலுக்குப் போய்விட்டால், தானாகத் தெளிந்திருக்க வேண்டியவர் ஐ.சி.யு.வுக்குப் போக நேரும். முழுசாகத் தெளிந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்க முடிகிற வரை தண்ணீர்கூட வேண்டாம்.

முகத்தை ஈரக் கையால் துடைப்பதில் தவறில்லை. வெயிலில் விழுந்தவருக்கு இதமாகவும் இருக்கும். செம்புத் தண்ணீரை மூக்கும் வாயும் மூடும்படி வீசுவதுதான் தவறு. கன்னத்தில் அறைவது, உலுக்குவது, முடியைப் பிடித்து இழுப்பது எதனாலும் மூளைக்கு ஒரு சொட்டு ரத்தம் கூடுதலாகப் போகாது. விழுந்தபோது கழுத்தில் அடிபட்டிருந்தால் அந்த உலுக்கலே கேடாக முடியும். வெங்காயத்தைக் கசக்கி மூக்கில் பிடிப்பதும் தேவையில்லை. தெளிய வேண்டிய நேரத்தில் அவர் தெளிகிறார். பெயர் வெங்காயத்துக்குப் போகிறது.

இரும்புச் சாவி விஷயமும் அப்படித்தான். வலிப்பு பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்துக் கையில் திணிக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிறது. அதனால் சாவிதான் நிறுத்தியது என்று தலைமுறை தலைமுறையாக நம்புகிறோம். நிஜமாகவே வலிப்பு வந்தவருக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: பக்கத்திலுள்ள கல், கம்பி, நாற்காலியை அகற்றுங்கள், தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள், இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

விழுவதற்கு முன்

மயக்கம் சொல்லாமல் வருவது குறைவு. வயிற்றைப் புரட்டும், கொட்டாவி வரும், காது அடைக்கும், பக்கத்தில் பேசுவது தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும், கண் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும், உள்ளங்கை சில்லிட்டு வேர்க்கும். இந்தச் சில விநாடிகளைப் பயன்படுத்தினால் பல மயக்கங்களைத் தடுத்துவிடலாம். படுக்க இடமிருந்தால் கூச்சப்படாமல் படுத்துவிடுங்கள். இல்லையென்றால் குத்துக்காலிட்டு உட்காருங்கள். அதற்கும் வழியில்லாத நெரிசலில், ஒரு காலின் மேல் இன்னொரு காலைக் குறுக்கே வைத்து, தொடை, பிட்டம், வயிற்றுத் தசைகளை இறுக்குங்கள். இரண்டு கை விரல்களையும் கோத்து எதிரெதிராக இழுக்கலாம். தசை இறுகும்போது தேங்கிய ரத்தம் பிழியப்பட்டு மேலே ஏறுகிறது. அமெரிக்க இதயச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து 2019-இல் திருத்திய முதலுதவி வழிகாட்டுதலில் இந்தத் தசை இறுக்கத்தைப் பரிந்துரைத்திருக்கின்றன. கைகளைவிடக் கால்களை இறுக்குவது அதிகப் பலன் தரும் என்றும் சொல்லியிருக்கின்றன. பிரேயரில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய விஷயம் இது.

எல்லாம் சாதாரண மயக்கம் இல்லை

சர்க்கரை நோயாளி ஒருவர் வேர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினாலோ எரிந்து விழுந்தாலோ, சர்க்கரை இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆபத்துக் கோடு. நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ அரை டம்ளர் பழச்சாறோ கொடுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள், பிறகு சாப்பிடச் சொல்லுங்கள். நினைவு போய்விட்டால் வாயில் எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருத்துவமனைக்கு. மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கக்கூடும் என்பதால் அன்று முழுக்கக் கண்காணிப்பு தேவை.

வெயில் மயக்கத்தில் இரண்டு வகை இருக்கிறது. வேர்த்து, வெளுத்து, சோர்ந்து விழுந்தவர் நிழலில் படுத்து, தெளிந்தபின் ஓ.ஆர்.எஸ். கரைசலோ உப்புப் போட்ட மோரோ குடித்தால் மீண்டுவிடுவார். உடம்பு கொதித்து, உளறலோ நினைவின்மையோ இருந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துணி சுற்றிய ஐஸ் வையுங்கள். செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்ற வேண்டிய ஒரே மயக்கம் இதுதான், அதுவும் முகத்தில் இல்லை. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த விமானப் படை சாகச நிகழ்ச்சியில் கடற்கரை முழுக்க மக்கள் வெயிலில் நின்றார்கள். நிழல் இல்லை, தண்ணீர் கிடைப்பது அரிதாக இருந்தது, திரும்பிப் போக வழியில்லை. பலர் மயங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அதே மாதத்தில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இதயத்தால் வரும் மயக்கம்தான் எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது. ஓடும்போதோ மாடி ஏறும்போதோ விழுந்தால், படுத்திருக்கும்போதே மயங்கினால், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் மரம் சாய்ந்த மாதிரி விழுந்தால், விழுவதற்கு முன் நெஞ்சு படபடத்தாலோ வலித்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால், தானாகத் தெளிந்துவிட்டார் என்று நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. வால்வு சுருக்கம், இதயத் தசைத் தடிப்பு, துடிப்பின் மின்பாதைக் கோளாறு என எதுவாகவும் இருக்கலாம். விளையாட்டு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன் விழுந்தால், அதை வெயில் மயக்கம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

விழுந்தவரின் நெஞ்சு அசையவில்லை என்றால், அல்லது கரையில் போட்ட மீன் போல இடைவெளி விட்டு வாயை மட்டும் திறந்து திறந்து மூடினால், அது மயக்கமே இல்லை. இதயம் நின்றுவிட்டது. அந்தத் திணறலைப் பார்த்து "மூச்சு இருக்கு" என்று சும்மா நிற்பதுதான் உயிரைக் கொண்டுபோகிறது. ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இன்னொருவர் நெஞ்சுக்கு நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையை வைத்து, முழங்கை மடங்காமல், 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். ஒவ்வொரு அமுக்குக்குப் பிறகும் நெஞ்சை முழுசாக எழும்ப விட வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தயக்கமாக இருந்தால் அமுக்குவது மட்டும் போதும். பொதுமக்களுக்கென்று இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் வகுத்த முறையே அமுக்குவதை மட்டும்தான் சொல்கிறது. எதுவும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். எலும்பு கூடிக்கொள்ளும்.

நிற்க வைக்கிறவர்கள் கவனத்துக்கு

முதலுதவியைப் பற்றி இவ்வளவு எழுதும்போது, ஏன் இத்தனை பேர் மயங்கி விழுகிறார்கள் என்று கேட்காமல் விட முடியவில்லை. காரணங்களில் பாதி மருத்துவப் புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது. ஜவுளிக்கடைகளில் காலை ஒன்பதரையிலிருந்து இரவு வரை நின்றபடியே வேலை பார்க்கிற பெண்களைப் பாருங்கள். பண்டிகை வாரத்தில் அவர்கள் மயங்கி விழுவதில் ஆச்சரியம் இல்லை. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல சட்டம். ஆனால், ஸ்டூல் போட்டிருந்தும் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. அதே 2021-இல், முதல்வர் செல்லும் சாலைகளில் பெண் காவலர்களைப் பாதுகாப்புக்கு நிறுத்த வேண்டாம் என்று காவல்துறை உத்தரவிட்டது. மணிக்கணக்காக வெயிலில், கழிவறை வசதியில்லாமல் நின்றவர்களுக்கு அது பெரிய விடுதலை.

கழிவறை என்று சொன்னதும் இதையும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிற பெண்களும் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது தாகம் இல்லாததால் இல்லை. போகிற இடத்தில் நல்ல கழிவறை இல்லை, அதனால் குடிப்பதில்லை. உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தின் அளவு குறைகிறது. நின்றால் மூளைக்கு எட்ட வேண்டிய ரத்தம் எட்டுவதில்லை. இதோடு, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு நேரடியாகக் கைகொடுத்தது. ஆனால், அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. பிரேயரில் அதிகம் மயங்கி விழுவது அதற்கு மேற்பட்ட வகுப்புப் பிள்ளைகள். பரீட்சை நாளிலும் சுதந்திர தின விழாவிலும் தலைமையாசிரியர்கள் பிள்ளைகளை நிழலில் உட்கார வைக்கட்டும். தேசியக் கொடிக்கு மரியாதை செய்ய இரண்டு நிமிடம் எழுந்து நின்றால் போதும். சிறப்பு விருந்தினரின் பேச்சு முடியும் வரை வெயிலில் நிற்க வைக்க எந்த அவசியமும் இல்லை.

வீட்டில் இருக்கிற பெரியவர்கள் விஷயம் வேறு. பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ராத்திரி சட்டென்று எழுந்து பாத்ரூமுக்குப் போகும்போது அழுத்தம் இறங்கி விழுகிறார்கள். இடுப்பெலும்பு முறிவு பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. கட்டிலில் உட்கார்ந்து, கணுக்காலைப் பத்துப் பதினைந்து தடவை மேலும் கீழும் ஆட்டி, ஒரு நிமிடம் கழித்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். ஆண்கள் ராத்திரியில் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. பாத்ரூம் கதவுக்கு உள்தாழ் போட வேண்டாம்.

தெளிந்த பிறகு

கண் திறந்ததும் "எழுந்திரு, ஒண்ணுமில்ல" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் எழுந்து நின்று மறுபடி விழுகிறவர்கள் அதிகம். இரண்டாவது முறை விழுகையில் மண்டை உடைகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருக்கட்டும். பிறகு சாய்ந்து உட்காரட்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர், சாப்பாடு. அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம்.

நீங்கள் பார்த்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். மயங்கியவருக்கு எதுவும் நினைவிருக்காது. விழுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார், முகம் வெளுத்ததா நீலமானதா, எத்தனை விநாடி, இழுத்ததா, எழுந்ததும் தெளிவாகப் பேசினாரா என்ற தகவல்கள் பல நேரங்களில் ஸ்கேனைவிட அதிகம் உதவும். யாராவது செல்போனில் வீடியோ எடுத்திருந்தால், அதைக் குடும்பத்தாருக்கு மட்டும் அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

முதல்முறை மயங்கி விழுந்த எவரும், எத்தனை சின்ன வயதாக இருந்தாலும், ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். படுத்தவாக்கில் பத்து நிமிட வேலை. அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. "நேத்து பிரேயர்ல மயங்கி விழுந்தான், இப்ப நல்லாத்தான் இருக்கான்" என்று விட்டுவிட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே கூட்டிப்போய் எடுத்துவிடுங்கள்.